பந்து தரைக்குள் போய்விட்டதா? சிகோனோஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுகிறோம். மீட்சியளிப்பு குணகம் 0.8. அதாவது தரையில் பட்ட வேகத்தில் 80 சதவீதத்தோடு மேலே எழும். காற்றுத் தடையை விட்டுவிட்டால் விடையைப் பேப்பரிலேயே கண்டுபிடிக்கலாம்: சுமார் 4.06 நொடியில் பந்து அடங்கிவிடும். அதற்குள் எத்தனை முறை குதிக்கும்? கணக்குப்படி, முடிவில்லாத முறை.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் சைபை என்ற கணக்கீட்டுத் தொகுப்பில் உள்ளது போன்ற வழக்கமான வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்ப்பானை (இயக்கத்தை நேரத்தோடு படிப்படியாகக் கணக்கிடும் நிரலை) எடுத்து, ‘தரையைத் தொட்டதும் நிறுத்து, திசைவேகத்தைத் திருப்பு, மறுபடி ஓட்டு’ என்று எழுதிவிடுகிறோம். ஆரம்பக் குதிப்புகள் அழகாகவே வரும். அப்புறம் மோதல்களுக்கு இடையிலான நேரம் சுருங்கிக்கொண்டே போய், நிரல் அதே இடத்தில் திணறும். இல்லையென்றால் ஒரு மோதலைத் தவறவிட, பந்து நேராகப் பாதாளத்துக்குப் போகும்.

பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான திறந்த மூல மென்பொருளான சிகோனோஸ் இதற்கென்றே எழுதப்பட்டது. உள்ளே சி++, வெளியே பைத்தான். அதிலுள்ள மொரோ-ழான் முறை மோதும் கணத்தைத் தேடி அலையாது. ஒரு காலப்படிக்குள், அதாவது கணக்கு ஒரே தாவலில் கடக்கும் சிறு நேரத் துண்டுக்குள், எத்தனை மோதல் இருந்தாலும் சேர்த்து ஒரே கணக்காகத் தீர்த்துவிடும்.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நம் பந்து முதல் முறை தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.43 மீட்டர். காலப்படி 0.005 நொடி என்றால் ஒரு படியில் 2 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், அந்த அளவுக்குத் தரைக்குள் புதையவும் கூடும். இதைப் பிழை என்று நினைத்துத் தரைக்கு ஸ்பிரிங் வைக்கப் போகாதீர்கள். காலப்படியைக் குறைத்தால் புதைவும் குறையும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது விசைக் கணக்கு. மொரோ-ழான் முறையில் பொருள்கள் தொட்டுக்கொள்ளும் ஒவ்வொரு இடத்துக்கும் (தொடர்புக்கு) வெளிவரும் எண் விசை அல்ல, கணத்தாக்கு, அதாவது விசையும் அது செயல்படும் நேரமும் சேர்ந்த பெருக்கல். அலகு நியூட்டன்-நொடி. 1 கிலோ பந்து சும்மா தரையில் கிடந்தால் ஒரு படிக்கு 0.049 வரும். அதைக் காலப்படியால் வகுத்தால் 9.81 நியூட்டன், சரிதான். ஆனால் முதல் மோதலின் கணத்தாக்கு சுமார் 8. அதை 0.005 ஆல் வகுத்தால் 1600 நியூட்டன், 0.001 ஆல் வகுத்தால் 8000. காலப்படியைச் சுருக்கச் சுருக்க எகிறும் ஒரு எண்ணை ‘உச்ச விசை’ என்று அறிக்கையில் எழுதக்கூடாது. விறைப்பான பொருள்கள் மோதும் இந்த மாடலில் மோதல் விசை என்ற ஒன்றே கிடையாது. அது வேண்டுமென்றால் பொருளின் நெகிழ்வையும் மாடலுக்குள் கொண்டுவர வேண்டும்.

மீட்சியளிப்பு குணகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும் இரண்டு குண்டுகள் மீது அதே நிறையுள்ள மூன்றாவது குண்டை மோதவிடுங்கள், குணகம் 1. கடைசிக் குண்டு மட்டும் பறக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நியூட்டனின் மோதல் விதியை (விலகும் வேகம் = குணகம் × நெருங்கிய வேகம்) எல்லாத் தொடர்புகளிலும் ஒரே நேரத்தில் போட்டால், மோதிய குண்டு மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் பின்வாங்கும், மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஒன்றாக நகரும். உந்தமும் சரி, ஆற்றலும் சரி, நிஜத்தில் நடப்பது மட்டும் அதுவல்ல. நிரலில் பிழை இல்லை, தேர்ந்தெடுத்த மோதல் விதிதான் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

உராய்வு வந்தால் இன்னொரு ஆசை வரும்: நழுவும் திசை மாறியதும் உராய்வு விசை சட்டென்று தாவும் வளைவை மழுக்கி வழவழப்பாக்கிவிடலாமே என்று. செய்தால், சரிவில் அசையாமல் நிற்க வேண்டிய கட்டை மெதுவாக ஊர்ந்து இறங்கும். உராய்வை அப்படியே விட்டுவிட்டு, தீர்ப்பான் உண்மையிலேயே ஒருங்கியதா, அதாவது திரும்பத் திரும்பக் கணக்கிட்டு ஒரு நிலையான விடைக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். கணக்கிடும் சுற்றுகளின் உச்சவரம்பைத் தொட்டதால் நின்றுபோன விடையும் பார்ப்பதற்கு நல்ல விடை மாதிரியேதான் இருக்கும்.

ஒருங்கிய விடையிலும் ஒரு கண்ணி உண்டு. விறைப்பான தரையில் நான்கு கால் மேசை நிற்கிறது. அசையாமல் நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்பதற்கு எண்ணற்ற விடைகள், தீர்ப்பானை மாற்றினால் எண்ணும் மாறலாம். அந்த எண்ணை வைத்துக் காலின் தடிமனைத் தீர்மானித்துவிடாதீர்கள்.