ராக்கெட் துண்டு கரை ஒதுங்கினால் என்ன செய்வது: பழவேற்காடு, தடா பக்கத்து ஆட்களுக்கு

ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே பழவேற்காடு, ஆரம்பாக்கம், மேற்கே தடா, சூலூர்பேட்டை. இங்கே இருக்கிறவர்களுக்கு ராக்கெட் புதிதில்லை. ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும், படகைக் கரையில் ஏற்றிவிட்டு மாடியில் நின்று பார்ப்போம். ஆனால் மேலே போனதில் ஒரு துண்டு திரும்பி வந்து நம் வலையில் விழுந்தாலோ கரையில் கிடந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை. அதற்கென்று ஐ.நா. அளவில் 1967 முதல் 1975 வரை நான்கு ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறார்கள், நான்கிலும் இந்தியா இருக்கிறது. அந்த ஒப்பந்தங்கள் நம் ஊர் ஆளுக்கு உதவுமா உதவாதா என்பது, பொருளைப் பார்த்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், தொடாதீர்கள். உருண்டையாகவோ உருளையாகவோ தொட்டி மாதிரி இருந்தால் கண்டிப்பாகக் கிட்டப் போகக்கூடாது. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அடுக்கடுக்கான கட்டங்களாக இருக்கும், ஒன்று எரிந்து முடிந்ததும் கழன்று விழும். அதன் இரண்டாம் கட்டத்தில் ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் இருக்கும், இரண்டுமே கடுமையான நஞ்சு. இதில் நம் பக்கத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அந்த எரிபொருளின் வாடை அமோனியாவும் மீனும் கலந்த மாதிரி இருக்கும். வேறு ஊர்க்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப் போவான், மீன் இறங்கும் கரையிலேயே வளர்ந்த நமக்கு அது ஒரு வாடையாகவே தெரியாது. வாடை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டாலே பாதுகாப்பான அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பினால் அது நைட்ரஜன் டெட்ராக்சைடு. எதுவாக இருந்தாலும் காற்று வரும் பக்கமாக, எதிர்க்காற்றில் விலகிப் போங்கள், பிள்ளைகளையும் நாயையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தொட்டி இல்லாவிட்டாலும், கறுப்பு நார் சுற்றி நூல் நூலாகப் பிரிந்து கிடக்கும் துண்டுகள் கையைக் கிழிக்கும், நார்த்தூள் மூச்சில் ஏறும். கட்டங்களைப் பிரிப்பதற்காக வைக்கும் சின்ன வெடிகள் வெடிக்காமல் மிச்சம் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

நடுக்கடலில் வலையில் சிக்கினால் படகில் ஏற்றப் பார்க்காதீர்கள். 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி.யின் பக்க மோட்டார் (ராக்கெட்டின் பக்கவாட்டில் கட்டும் துணை மோட்டார்) ஒன்று சிக்கியது, கரைக்கு இழுத்து வந்த பிறகு இஸ்ரோ ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்த வகை மோட்டார் ஒன்று சுமார் 12 மீட்டர் நீளம் இருக்கும், ஒரு ஃபைபர் படகைவிடப் பெரியது. அலையில் ஒரு தடவை புரண்டால் போதும், படகு கவிழ்ந்துவிடும். வலை போனால் போகட்டும் என்று அறுத்துவிட்டு, முடிந்தால் ஒரு மிதவையைக் கட்டி விடுங்கள். ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு 1554க்கு, அதாவது கடலோரக் காவல் படைக்கு, சொல்லுங்கள். வி.எச்.எஃப். ரேடியோ வைத்திருப்பவர்கள் 16ஆம் சேனலில் சொல்லலாம். அறுத்த வலையின் மிச்சத்தைத் தூக்கி எறியாதீர்கள், பிறகு அது வேண்டும்.

அடுத்து, படம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வேண்டிய படங்கள் வேறு. தூரத்திலிருந்து ஒன்று, பொருளும் உங்கள் படகும் சேர்ந்து தெரிகிற மாதிரி, அப்போதுதான் அளவு புரியும். ஜூம் செய்து எழுத்து, எண், ஆணித் தலை, பற்றவைத்த இடம் எல்லாம் தனித்தனியாக. எண் எழுதிய தகடு ஒன்று கிடைத்தால் அது தங்கத்தைவிட மேல், ஏனென்றால் இது யாருடையது என்று சொல்லப்போவது அதுதான். மேலே ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டாதீர்கள். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்தே பொருள் எத்தனை நாள் மிதந்தது என்று கணிப்பார்கள். பிறகு கூகுள் மேப்பில் நிற்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள், புள்ளி வைத்த இரண்டு எண்கள் வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், முதலில் பார்த்தவர் பெயர், கூட இருந்தவர்கள் பெயர், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள்.

யாரிடம் சொல்வது? அவசரத்துக்கு 112, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. அதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள், இங்கே மாநில எல்லை குறுக்கே வருவதால் இது முக்கியம். பொருள் தமிழ்நாட்டுக் கரையில் கிடந்தால் வி.ஏ.ஓ., பொன்னேரி அல்லது கும்மிடிப்பூண்டி தாசில்தார். ஆந்திரக் கரை என்றால் வி.ஆர்.ஓ. (அந்தப் பக்கத்துக் கிராம வருவாய் அலுவலர்), அந்த மண்டல் தாசில்தார், மாவட்டம் இப்போது திருப்பதி. பழவேற்காடு ஏரிக்குள் கிடந்தால் எது யார் எல்லை என்று ஆளாளுக்குக் கை காட்டுவார்கள், அதனால் இரண்டு பக்கமும் கொடுத்துவிடுங்கள், தெலுங்கில் எழுதத் தெரிந்த ஒரு ஆளை வைத்து அந்தப் பக்க மனுவை எழுதுங்கள். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கியதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள், ஆந்திராவில் ஜி.டி. பதிவு எண் (ஸ்டேஷன் நாட்குறிப்பில் ஏறிய எண்) கேளுங்கள். பொருளை எடுத்துப் போகும்போது சாட்சிகள் முன்னால் எடுத்ததற்கான பதிவாக இங்கே மகஜர், அங்கே பஞ்சநாமா எழுதுவார்கள். அதில் கையெழுத்துப் போடும் முன் இடமும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், நகல் கேளுங்கள்.

காயலான் கடைக்காரர் கிலோவுக்கு நல்ல விலை தருகிறேன் என்று வருவார். அலுமினியமும் டைட்டானியமும் என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது உங்கள் பொருள் இல்லை. கண்டெடுத்தவருக்குச் சொந்தம் என்பது விண்வெளிப் பொருளுக்குச் செல்லாது. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவுப்படி மேலே போனாலும் கீழே விழுந்தாலும் அனுப்பியவருக்கே சொந்தம். 1968 மீட்பு ஒப்பந்தம் அடுத்த படி: தன் எல்லைக்குள் ஒரு துண்டு விழுந்ததாகத் தெரிந்தால் அந்த நாடு, ஏவிய நாட்டுக்கும் ஐ.நா. பொதுச்செயலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். கேட்டால் மீட்டுத் திருப்பித் தர வேண்டும், செலவு ஏவியவர் தலையில். ஆபத்தான பொருள் என்றால் அதை ஆபத்தில்லாமல் செய்யும் பொறுப்பும் அவர்களுடையதுதான்.

இது எப்படி நடக்கும் என்பதற்கு நம் ராக்கெட்டே உதாரணம். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கரையில் சிப்பி ஒட்டிய பெரிய உருளை ஒன்று ஒதுங்கியது. போலீஸ் காவல் போட்டு ஆட்களை விலக்கி வைத்தது, நஞ்சு உண்டா என்று சோதித்தார்கள், அப்புறம் அந்த நாட்டு விண்வெளி நிறுவனம் அது பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டமாக இருக்க வேண்டும் என்று அறிவித்து, ஐ.நா. ஒப்பந்தங்கள்படி அடுத்து என்ன என்று இஸ்ரோவோடு பேசியது. ஒருவரும் உடைத்து விற்கவில்லை, அதனால்தான் யாருடையது என்று தெரிந்தது.

இழப்பீடு பற்றி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள், இதில்தான் தவறான நம்பிக்கை அதிகம்.

1972 பொறுப்பு ஒப்பந்தம் நாம் நினைப்பதைவிட வலுவானது. லாரி மோதினால் யார் மேல் தப்பு என்று வழக்கு நடக்கும். விண்வெளிப் பொருள் தரையிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் செய்தால் தப்பு யாருடையது என்று நிரூபிக்கவே வேண்டாம், ஏவிய நாடு கொடுத்தாக வேண்டும். உயிர், காயம், உடல்நலக் கேடு, சொத்து எல்லாம் இதில் வரும். ஏவியவர் தனியார் கம்பெனி என்றாலும் பொறுப்பு அந்த நாட்டுக்குத்தான். ஏவிய நாடு, ஏவ ஏற்பாடு செய்த நாடு, யார் மண்ணிலிருந்து கிளம்பியதோ அந்த நாடு, எல்லாமே பொறுப்பாளிகள்.

ஆனால் நீங்கள் நேராக ஐ.நா.வுக்கு மனுப் போட முடியாது. உங்களுக்காக இந்திய அரசு தூதரக வழியில் கேட்க வேண்டும், சேதம் நடந்த நாளிலிருந்து அல்லது ஏவிய நாடு எது என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். 1978 ஜனவரி 24 அன்று அணு உலை வைத்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 954 வட கனடாவில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறியது. கனடா கோரிக்கை கொடுத்த தேதி 1979 ஜனவரி 23. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. அறுபது லட்சம் கனடா டாலருக்கு மேல் கேட்டார்கள், 1981இல் முப்பது லட்சம் கிடைத்தது. ஒரு நாட்டு அரசே கடைசி நாள் வரை இழுத்தது என்றால், நம் மனு தாலுகா ஆபீஸ் மேசையில் ஆறு மாதம் தூங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் தேதி போட்ட ரசீது, ரசீது என்று இவ்வளவு சொல்கிறேன். மனுவின் நகலைப் பதிவுத் தபாலில் மாவட்ட ஆட்சியருக்கும் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, கசப்பானது. அதே ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு, ஏவிய நாடு தன் சொந்தக் குடிமக்களுக்குச் செய்யும் சேதத்துக்கு இது பொருந்தாது என்கிறது. நம் கரையில் ஒதுங்குவதில் நம் நாட்டு ராக்கெட்டின் துண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம், முதல் கட்டமும் பக்க மோட்டார்களும் வங்கக் கடலில்தான் விழுகின்றன. அப்படியானால் ஐ.நா. ஒப்பந்தம் நமக்கு உதவாது, உள்நாட்டுச் சட்டம்தான் வழி. 2024 மார்ச்சில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட கருவியின் துண்டு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்தது, அந்தக் குடும்பமும் ஐ.நா. வழியில் போகவில்லை, நேராக நாசாவிடம்தான் இழப்பீடு கேட்டது. இங்கே ஆட்சியரிடமும் மீன்வளத் துறையிடமும் இஸ்ரோவிடமும் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100ஐக் கூப்பிடுங்கள், இலவச சட்ட உதவி மையம். விண்வெளிச் சட்ட வரைவு ஒன்று 2017இல் வெளியானது, இதை எழுதும்போதும் சட்டமாகவில்லை. 2023இல் வந்தது கொள்கை மட்டுமே. கடற்கரை மக்களுக்கான இழப்பீட்டு விதி தெளிவாக எழுதப்படாமல் எத்தனை வருடம் போகும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

நம் ராக்கெட்தான் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்துக் கிராமங்களில் விழுந்த உலோக வளையமும் உருண்டைகளும் சீன ராக்கெட்டுடையவை என்றே நிபுணர்கள் கருதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே 9 அன்று இன்னொரு பெரிய சீன ராக்கெட்டின் பாகம் மாலத்தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. வெளிநாட்டுப் பொருள் என்றால் கணக்கே மாறிவிடும், அதைத் தீர்மானிப்பது அந்த எண் தகடும் உங்கள் படமும்தான்.

இழப்பீடு தந்தால்தான் பொருளைத் தருவேன் என்று மடக்கி வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நஞ்சு உங்கள் தெருவில் கிடக்கும், வழக்கு உங்கள் மேல் திரும்பும். மகஜரில் அறுந்த வலையின் நீளம், கண்ணி அளவு, வாங்கிய விலை எல்லாம் ஏறிவிட்டால் உங்கள் பிடி அதுதான். வலை வாங்கிய பில்லை இப்போதே தேடி எடுத்து, படகுப் பதிவுச் சான்றோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி 1554, 1093 இரண்டையும் தமிழிலும் தெலுங்கிலும் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் எழுத வையுங்கள்.