ஸ்பிரிங்கை மாற்றும் முன் ஷாக்கைக் கழற்றுங்கள்

ரிமோட்டில் ஓடும் ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் டிராக் ரேஸுக்கான சின்ன ஆர்சி வண்டி) ஓட்டத் தொடங்கியவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: எந்தக் கலர் ஸ்பிரிங் போடலாம், ஷாக் அப்சார்பரில் எத்தனை வெயிட் (கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஆயில் ஊற்றலாம்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வண்டியின் இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் செய்யாது. ஒன்றில் ஆயில் கசிந்து குறைந்திருக்கும், இன்னொன்றில் காற்று புகுந்திருக்கும், மூன்றாவதின் ஷாஃப்ட், அதாவது உள்ளே போய் வெளியே வரும் கம்பி, லேசாக வளைந்திருக்கும். அந்த நிலையில் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் இடப்பக்க வளைவில் ஒரு குணம், வலப்பக்க வளைவில் வேறொரு குணம் என்றுதான் வண்டி ஓடும், நீங்களும் ஸ்பிரிங் பாக்கெட்டாக வாங்கிக் குவித்துக்கொண்டே இருப்பீர்கள்.

இங்கே சொல்வது 1/10 அளவு, டூ வீல் டிரைவ் ஷார்ட் கோர்ஸ் டிரக்கை மனதில் வைத்து. 2008-இல் டிராக்ஸஸ் ஸ்லாஷ் வந்தது, அடுத்த வருடமே அசோசியேட்டடின் எஸ்சி10 வந்தது, அமெரிக்க மண் டிராக்குகளில் இந்த வகுப்பு மளமளவென்று நிரம்பிவிட்டது. ஸ்டேடியம் டிரக், டிரக்கி போன்ற வேறு வகை ஆர்சி டிரக் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

டயரைப் பற்றி ஒரே வரி: அந்த டிராக்கில் வேகமாக ஓடுகிறவர் எந்த டயர், எந்த ரப்பர் போட்டிருக்கிறார் என்று பார்த்து அதையே போடுங்கள். டயர் தப்பாக இருந்தால் கீழே சொல்கிற எதுவும் உதவாது.

சரி, ஷாக்குக்கு வருவோம். நாலையும் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாஃப்டை விரலால் மெதுவாக உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று லேசாகிப் போனாலோ, பிஸ் பிஸ் என்று சத்தம் வந்தாலோ உள்ளே காற்று இருக்கிறது. நறநறவென்று இருந்தால் மண். ஷாஃப்டைத் தனியே எடுத்த பிறகு கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்திருக்கிறது, நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நகத்தால் தடவும்போது கீறல் தட்டினாலும் அதே கதிதான். அந்தக் கீறல் ஓ-ரிங்கை அறுத்துக்கொண்டே இருக்கும், புது ஓ-ரிங் போட்டாலும் ஒன்றிரண்டு ரேஸில் மறுபடி கசியும். இதனால்தான் ஷாஃப்டின் வெளிமுனையில் மாட்டும் ராட் எண்டைத் திருகும்போது ஷாஃப்டைச் சாதாரணக் கொறடால் பிடிக்கக் கூடாது, ஷாக்குக்கென்றே பள்ளம் வைத்த கொறடு கிடைக்கிறது.

பழைய ஆயிலைக் கொட்டுங்கள். சாம்பல் நிறத்தில் வந்தால் சிலிண்டரின் அலுமினியமும் மண்ணும் கலந்திருக்கிறது. உலோகப் பாகங்களை மோட்டார் கிளீனர் ஸ்பிரேயால் கழுவலாம், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுவது நல்லது. புது ஓ-ரிங் மீது கிரீன் ஸ்லைம் என்ற வழுக்குப் பசையைக் கொஞ்சம் தடவிப் போட்டால் உரசல் குறையும், கசிவும் குறையும். ஷாஃப்டின் உள்முனையில் பிஸ்டனை (ஓட்டை போட்ட சின்னத் தட்டு) மாட்டி, ராட் எண்டைத் திருகி முடித்ததும் காலிப்பரால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முன் இரண்டும் ஒரே நீளம், பின் இரண்டும் ஒரே நீளம். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

இனி ஆயில். ஷாஃப்டை முழுக்க வெளியே இழுத்து, சிலிண்டரை நேராக நிறுத்தி, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றுங்கள். பிஸ்டனை ஆயிலுக்குள்ளேயே வைத்து நிதானமாக மேலும் கீழும் அசைத்தால் பிஸ்டனுக்கு அடியில் ஒட்டியிருக்கும் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். வேகமாக அசைத்தால் புதுக் குமிழி உண்டாகும், அவசரம் வேண்டாம். ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், மிச்சக் குமிழியும் தானே ஏறியிருக்கும். அப்புறம் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும்.

மூடும் விதத்தில்தான் ரீபவுண்ட் இருக்கிறது. ரீபவுண்ட் என்றால் ஸ்பிரிங் இல்லாமல் ஷாஃப்டை உள்ளே தள்ளி விட்டால் அது தானாக எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பது. ஷாஃப்ட் முழுக்க வெளியே இருக்கும்போது மூடினால் உள்ளே அழுத்தம் சேரும், ரீபவுண்ட் அதிகமாகும். ஷாஃப்டை முழுக்க உள்ளே தள்ளி வைத்து, மிச்ச ஆயிலை வழியவிட்டு மூடினால் ரீபவுண்ட் கிட்டத்தட்ட இருக்காது. மூடியில் காற்றையும் ஆயிலையும் வெளியேற்றும் சின்ன பிளீட் ஸ்குரூ இருக்கிற எமல்ஷன் ஷாக் என்றால் ஸ்குரூவைத் திறந்து வைத்து மூடியை இறுக்கி, ஷாஃப்டை மெதுவாக உள்ளே தள்ளி ஆயில் வழிந்ததும் ஸ்குரூவைப் போட்டுவிடலாம். மூடிக்கு அடியில் பிளாடர் (ரப்பர் சவ்வு) வைத்த ஷாக் என்றால் பிளாடருக்கு அடியில் காற்று சிக்காமல் ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து அமுக்கி உட்கார வையுங்கள். எமல்ஷன் ஷாக்கில் காற்றும் ஆயிலும் கலந்துதான் வேலை செய்யும், ஆகவே மாட்டிய பிறகு பத்துப் பதினைந்து தடவை அமுக்கிவிட்டுத்தான் அதன் குணத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு பரிசோதனை, இதை மட்டும் விடவே கூடாது. ஒரு ஜோடி ஷாக்கை எடுத்து இரண்டு ராட் எண்டையும் எதிரெதிரே முட்டவைத்து, இரண்டு கையாலும் அமுக்குங்கள். இரண்டு ஷாஃப்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் முழுக்க உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அதைத் திறந்து மறுபடி செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் மொத்த டியூனிங்கில் பாதி வேலை இதுதான்.

எந்த ஆயில்? வெயிட் என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிஎஸ்டி (சென்டிஸ்டோக்) என்ற எண்தான் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு உண்மையான அளவு. அசோசியேட்டட் ஆயிலில் 30 வெயிட் 350 சிஎஸ்டி, 35 வெயிட் 425, 40 வெயிட் 500. வேறொரு கம்பெனியின் 35 இதற்குச் சமமாக இருக்காது. ஒரே கம்பெனி ஆயிலில் நிலைத்து நின்றால் குழப்பம் பாதி தீர்ந்தது. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அங்கிருந்து தொடங்கி ஒரு தடவைக்கு 2.5 அல்லது 5 வெயிட் மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. 25 டிகிரியில் 425 சிஎஸ்டி இருக்கிற சிலிக்கோன் ஆயில் 35 டிகிரியில் சுமார் 350 பக்கம் இறங்கிவிடும். அதாவது காலையில் 35 வெயிட் ஊற்றி நன்றாக ஓடிய வண்டி மத்தியான வெயிலில் 30 வெயிட் போட்டதுபோல் தொளதொளவென்று ஆகும். சிலர் அப்போது ஸ்பிரிங்கை மாற்றப் போவார்கள். வேண்டாம், ஆயிலை ஒரு படி கெட்டியாக்கினால் போதும்.

இனி நிறையப் பேர் தொடாமலே விடுகிற இடம்: பிஸ்டன். பிஸ்டனில் இருக்கும் ஓட்டைகளின் எண்ணிக்கையும் விட்டமும்தான் ஷாக்கின் குணத்தை முடிவு செய்கின்றன. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிறைத்து மெதுவாகத் தள்ளினால் எளிதாகப் போகும், ஒரே மூச்சில் வேகமாகத் தள்ளினால் கை வலிக்கும். ஷாக்கிலும் அப்படித்தான், பெரிய ஜம்பிலிருந்து விழும்போது பிஸ்டன் மிக வேகமாக நகர்வதால் ஓட்டை வழியே ஆயில் போக முடியாமல் ஷாக் திடீரென்று கெட்டியாகும். இதைத்தான் பேக் என்கிறார்கள். சின்ன ஓட்டையும் மெல்லிய ஆயிலும் சேர்ந்தால் பேக் அதிகம். பெரிய ஓட்டையும் கெட்டி ஆயிலும் சேர்ந்தால் பேக் குறைவு. கையால் மெதுவாக அமுக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்படி அமைக்கலாம், டிராக்கில் இரண்டும் வேறு வேறு வண்டிகள். பெரிய ஜம்புகள், வழுவழுப்பான களிமண் என்றால் பேக் கொஞ்சம் இருக்கட்டும், சேசிஸ் தரையில் அடிக்காது. சின்னச் சின்ன மேடு பள்ளம் நிறைந்த காய்ந்த மண் டிராக் என்றால் பேக்கைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். ஆயிலை எவ்வளவு மாற்றினாலும் ஒன்று ஜம்பில் சரியாக இருக்கிறது, அல்லது மேடு பள்ளத்தில் சரியாக இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வரவில்லை என்றால் பிஸ்டனை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஷாக்கை மாட்டியாயிற்று, இனி உயரம். பேட்டரி, பாடி எல்லாம் போட்டு, ரேஸுக்குப் போகும் எடையில் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சமதரையில் விடுங்கள். அது நிற்கிற இடத்தில் பின்பக்க டிரைவ் ஷாஃப்டுகள் தரைக்கு இணையாக இருந்தால் தொடங்குவதற்கு அது நல்ல உயரம். முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மும் ஏறத்தாழ இணையாக இருக்கட்டும். பிடிப்பு அதிகமுள்ள களிமண்ணில் இதைவிடக் கொஞ்சம் இறக்குங்கள், குண்டும் குழியுமான இடத்தில் ஏற்றுங்கள். உயரத்தை, ஷாக்கில் ஸ்பிரிங்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் காலரைத் திருகியோ கிளிப் வைத்தோ மாற்றலாம், ஆனால் ஒன்று: காலரை இறக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சாதாரண ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை மாறாது, வண்டி உயரம்தான் மாறும்.

உயரம் சரியானதும் ஸ்குரூ டிரைவரின் நுனியால் முன் பம்பரின் நட்டநடுவில் மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒன்று முன்னால் எழுந்தால் எங்கோ சமமில்லை, காலரைப் பாருங்கள், அப்புறம் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கமும் இதே மாதிரி.

டிரூப் என்பது வண்டியைத் தூக்கினால் சக்கரம் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பது. பிஸ்டனுக்கு அடியில், சிலிண்டருக்குள்ளே ஷாஃப்டில் சின்ன வாஷர்களைப் போட்டு இதைக் குறைக்கலாம். முன்பக்க டிரூப்பைக் குறைத்தால் திராட்டில் கொடுக்கும்போது மூக்கு அதிகம் தூக்காது, ஸ்டியரிங் கையில் நிற்கும். பின்பக்கம் குறைத்தால் பிரேக் பிடிக்கும்போது பின்பாகம் எழாது, வளைவுக்குள் நுழையும்போது வண்டி அமைதியாக இருக்கும். இரண்டையும் அளவுக்கு மீறிக் குறைத்தால் மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடிக்கொண்டே இருக்கும். ஸ்லாஷ் மாதிரி எடை உயரத்தில் இருக்கும் வண்டி வளைவில் உருளுகிறது என்றால் கெட்டி ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் உயரத்தையும் டிரூப்பையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், செலவே இல்லை.

இப்போதுதான் ஸ்பிரிங். முன்னால் மெல்லியது போட்டால் ஸ்டியரிங் கூடும், கெட்டியானது போட்டால் குறையும், ஆனால் வண்டி நிதானமாகும். பின்னால் மெல்லியது போட்டால் வளைவிலிருந்து வெளியேறும்போது பிடிப்பு கூடும், ரொம்ப மெல்லியதானால் பின்பாகம் உட்கார்ந்து முன்பாகம் வழுக்கும். கம்பெனிகளின் கலர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஒன்றின் பச்சை இன்னொன்றின் வெள்ளையை விடக் கெட்டியாக இருக்கலாம். பாக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் ஆயிலையும் கொஞ்சம் கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி துள்ளும். சோதிக்க முழங்கால் உயரத்திலிருந்து வண்டியைத் தட்டையாக விடுங்கள்: சேசிஸ் தரையை லேசாகத் தொட்டு, ஒரே தடவை எழுந்து நிற்க வேண்டும். இரண்டாம் முறை ஆடினால் ஆயில் மெல்லிசு. அமுங்கியபடி மெல்ல மெல்ல எழுந்தால் ஆயில் கெட்டி. முன்னும் பின்னும் சேர்ந்தே எழுகிறதா என்பதையும் பாருங்கள்.

ஷாக்கின் மேல்முனையை மாட்டும் தட்டான ஷாக் டவரில் நாலைந்து ஓட்டைகள் இருக்குமே, அவை ஸ்பிரிங் வாங்காமலே ஸ்பிரிங்கை மாற்றும் வழி. மேல்முனையை உள்பக்க ஓட்டைக்கு நகர்த்தி ஷாக்கைச் சாய்த்தால் தொடக்கத்தில் மெதுமையும், அமுங்க அமுங்கக் கெட்டியும். வெளிப்பக்கம் நகர்த்தினால் நேரடியான, விறைப்பான குணம். ஓட்டையை மாற்றினால் வண்டி உயரமும் மாறும், மறுபடி அளக்க வேண்டும். கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 1 முதல் 2 டிகிரிக்குள் வைத்துவிட்டு, பின்பக்க டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) கிட்டில் வந்தபடியே இருக்கட்டும், இப்போதைக்குத் தொட வேண்டாம்.

டிராக்கில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதிவிட்டு. ஜம்புக்குப் பிறகு மூக்கு மேலே தூக்கிப் பறந்தால் உடனே ஷாக் மேல் பழி போடாதீர்கள். ஷார்ட் கோர்ஸ் பாடி பெரியது, அடியில் காற்று புகுந்து அதைப் பாராசூட்டாக்கிவிடும், அதனால்தான் ரேஸ் ஓட்டுபவர்கள் பாடியின் பின்பக்கத்தை வெட்டி ஓட்டை போடுகிறார்கள். அதோடு காற்றில் இருக்கும்போது திராட்டில் கொடுத்தால் மூக்கு எழும், பிரேக் தட்டினால் இறங்கும், விரல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஆனால் ஜம்பின் முகட்டில் பின்பாகம் உதைத்து மூக்கு குத்தினால் அது பெரும்பாலும் பின் ஷாக்கின் வேலை. பின்பக்க ரீபவுண்டைக் குறையுங்கள், அல்லது ஆயிலை ஒரு படி கெட்டியாக்குங்கள். நேராக இறங்கியும் சேசிஸ் பலமாக அடித்தால் பேக் போதவில்லை. நேர்ப் பாதையின் சின்ன மேடுகளில் வண்டி பக்கவாட்டில் தத்தினால் பேக் அதிகம், இல்லையேல் டிரூப் குறைவு. ஒரு பக்க வளைவில் மட்டும் தகராறு என்றால் செட்டப்பைத் தொடவே வேண்டாம், ஷாக்கைக் கழற்றி ஜோடியாக முட்டவைத்துப் பாருங்கள், எது கசிந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.