புகைபோக்கியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சிமெண்ட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

அரியலூர் பக்கம் போகிறவர்கள் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியைக் காட்டி, "நிலக்கரியை நிறுத்திட்டு சோலார் போட்டா போதுமே" என்பார்கள். முதல் தவறு அங்கேதான். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அந்தக் கல்லே பிரிந்து கரியமில வாயுவை விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ சூளைக்குள் போனால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். ஆலை வெளியேற்றுவதில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. அரவை இயந்திரத்தை சோலார் ஓட்டலாம், கல்லின் வேதியியலை மாற்றாது.

அதனால் குறைக்க வேண்டியது கிளிங்கரை, அதாவது சூளையில் 1,450 டிகிரியில் வெந்து உருண்டையாக வரும் பொருளை. பிபிசி (சாம்பல் கலந்த போர்ட்லேண்ட் போசோலானா சிமெண்ட்) மூட்டையில் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் அதன் இடத்தைப் பிடிக்கிறது. நம் ஆட்களோ "சாம்பல் கலப்படம்" என்று ஒதுக்கிவிட்டு, வெறும் பூச்சு வேலைக்கும் அதிக பலமுள்ள 53 கிரேடு ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட்) கேட்கிறார்கள். சுவர்ப் பூச்சுக்கு எதற்கு அவ்வளவு பலம்?

சரி, பிபிசி வாங்கியாயிற்று. அப்புறம் நடப்பதுதான் கொடுமை. சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும், அதற்கு ஈரம் வேண்டும். கான்கிரீட்டுக்கு ஓபிசி என்றால் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. வெயில் காலத்தில் பிபிசிக்கு 14 நாள். மூன்றாம் நாளே குழாயை மூடிவிட்டு, விரிசல் கண்டதும் சிமெண்ட்டைத் திட்டுகிறோம். அடுத்த வீட்டுக்கு மறுபடி ஓபிசி!

கலவை கெட்டியாக இருக்கிறதென்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதும் இதே கதை. பலம் குறையும், அதை ஈடுகட்ட மேஸ்திரி அரை மூட்டை கூடப் போடச் சொல்வார். வீட்டுக் கான்கிரீட்டுக்கு வழக்கமான எம்20 தரக் கலவையில் 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் வாக்கில் நிறுத்திக்கொள்ளுங்கள். மணலின் ஈரமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

சாம்பல் எப்போதும் கிடைக்கும் என்று நம்புவதும் தப்பு. நிலக்கரி மின்சாரம் குறைந்தால் சாம்பலும் குறையும். அதற்குத்தான் எல்சி3 என்ற புதுவகை சிமெண்ட் வந்திருக்கிறது: கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15, மீதி ஜிப்சம். களிமண்ணுக்கு 800 டிகிரி வாக்கில் சூடு போதும். ஓபிசியோடு ஒப்பிட்டால் உமிழ்வு 40 சதவீதம் வரை குறைகிறது. சென்னை, டெல்லி ஐஐடிகள் இதில் நிறைய உழைத்திருக்கின்றன. 2023இல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சாம்பல் மூட்டை வாங்கி சைட்டிலேயே பிபிசியோடு கலக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறது.