நிலா ஏன் நடுங்குகிறது? நேரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி புளோக்கில் மேல்மாடிக்காரர்களுக்குத் தலை சுற்றும், தொங்கும் விளக்கு ஆடும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நிலாவில் அப்படி இல்லை. 1969 நவம்பரில் அப்போலோ 12-இன் ஏறுகலத்தை, அதாவது வீரர்களை நிலாத் தரையிலிருந்து மேலே ஏற்றிவந்த பகுதியை, வேலை முடிந்ததும் வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள், அந்த அதிர்வு ஓய ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. மேலோடு ஈரமே இல்லாமல் நொறுங்கிக் கிடப்பதால் அலைகள் சிதறிச் சிதறி அங்கேயே சுற்றுகின்றன. அதனால் எவ்வளவு நேரம் ஆடியது என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள், எப்போது ஆடியது என்று பாருங்கள்.

அப்போலோ 12, 14, 15, 16 இறங்கிய இடங்களில் வைத்துவிட்டு வந்த நடுக்கம் அளக்கும் கருவிகளின் பதிவு, 1977 செப்டம்பர் வரைக்கும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும், நிலநடுக்கப் பதிவுகளைப் படிக்கும் ஒப்ஸ்பை (ObsPy) நிரலகத்தில் திறந்துவிடலாம். ஒரு நிலையத்தை, அதாவது ஓர் இடத்துக் கருவியை, மட்டும் எடுத்து, பல மாதப் பதிவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்துங்கள். ஒரு நாள் பதிவை முறைத்துப் பார்த்துப் பயனில்லை.

இப்போது இடைவெளியை எண்ணுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும், ஏனென்றால் மாதம் ஒருமுறை தலைகாட்டுவது இரண்டு வகை. ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை, அதுவும் அச்சு அசலாக அதே அலைவடிவத்தில் வந்தால் அது ஆழ்நடுக்கம்: நிலா பூமிக்குக் கிட்ட வந்து விலகும்போது பூமியின் இழுவிசை மாறி, 700 முதல் 1,200 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை அசைகிறது. இடைவெளி 29.5 நாள் என்றால் காரணம் வெயில். நிலாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் அவ்வளவு நாள். உறைந்து கிடந்த தரை சூரியன் ஏறியதும் சூடாகி விரிசல் விடுகிறது. இவை சின்னச் சின்ன அதிர்வுகள், பக்கத்துக் கருவிக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் வேறொரு நிலையத்தின் பதிவையும் திறந்து பாருங்கள், அங்கே இல்லையென்றால் வெயில்தான்.

எந்தக் கணக்குக்கும் அடங்காமல், மெல்லத் தொடங்கி மெல்ல ஏறினால் பெரும்பாலும் விண்கல்.

அப்புறம் மேல்நடுக்கம், அதாவது ஆழ்நடுக்கம் அளவுக்கு ஆழத்தில் இல்லாமல் மேலே வருவது. அத்தனை வருடத்தில் 28 மட்டுமே பதிவானது, ஆனால் சில ரிக்டர் 5-ஐத் தொட்டவை. உள்ளே குளிர்ந்து நிலா சுருங்குகிறது, அதில் மேலோடு உடைந்து ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின்மேல் ஏறுகிறது என்பதுதான் வலுவான விளக்கம். அப்போலோ 17 இறங்கிய பள்ளத்தாக்கில் அப்படி ஏறிய மேடு படத்திலேயே தெரியும். நிலாவில் கட்டடம் கட்டப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த 28-ஐத்தான்.