இரட்டை எஞ்சின் விமானப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 மே 30 அன்று தென் ஆஸ்திரேலியாவின் ரென்மார்க் விமான நிலையத்திலிருந்து எழும்பிய செஸ்னா 441 விமானம், ஒரு எஞ்சின் பழுதானதாகப் பாவித்துப் பறக்கும் பயிற்சியின்போது விழுந்து நொறுங்கியதில், அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். தரையிலிருந்து சுமார் 400 அடி உயரத்தில் பயிற்சி தொடங்கப்பட்டது. விமானத்தின் கையேடு பரிந்துரைத்த உயரமோ 5,000 அடி. எதிர்பார்த்த ஏற்றமும் வேகமும் கிடைக்காதபோதும் பயிற்சி கைவிடப்படவில்லை என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

இவ்விரண்டு தவறுகளில் இரண்டாவதையே நான் கடுமையானதாகக் கருதுகிறேன். எந்த வேகத்துக்குக் கீழே போனால் பயிற்சியை நிறுத்தி இரு எஞ்சின்களுக்கும் விசை கொடுப்பது என்பதைப் பயிற்றுநரும் மாணவரும் தரையிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், மாணவர் சமாளித்துவிடுவார் என்று பயிற்றுநரும், ஆபத்தானால் பயிற்றுநர் தலையிடுவார் என்று மாணவரும் காத்திருக்க, அதற்குள் வேகம் கரைந்துவிடும்.

இரண்டில் ஒன்று நின்றால் பாதித் திறன் மிஞ்சும் என்று நம்புவது மற்றொரு தவறு. சக்தியில் பாதிதான் குறைகிறது. ஆனால் ஏறும் திறனில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடுகிறது. உயரம் குறைவதைக் கண்டதும் மூக்கைத் தூக்கத் தோன்றும். தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறையக் குறைய வால் சுக்கானின் பிடி தளரும். ஓடும் எஞ்சினின் இழுப்பை அதனால் எதிர்க்க முடியாமல் போனதும், விமானம் நின்ற எஞ்சின் பக்கம் திரும்பிப் புரளும். கட்டுப்பாடு இழக்கும் இந்த எல்லை வேகத்தை வேகமானியில் சிவப்புக் கோடும், ஒற்றை எஞ்சினில் மிகச் சிறப்பாக ஏறும் வேகத்தை நீலக் கோடும் காட்டுகின்றன. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பறக்கும் பைப்பர் செமினோலில் இவை முறையே 56, 88 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்).

சிவப்புக் கோட்டை மாறாத எண்ணாகக் கொள்வதும் ஆபத்தானது. ஓடும் எஞ்சின் பக்கம் விமானத்தை 5 பாகை வரை சாய்த்துச் சோதித்துப் பெற்ற அளவு அது. இறக்கைகளைச் சமமாக வைத்துப் பறந்தால், அதைவிடக் கூடுதல் வேகத்திலேயே கட்டுப்பாடு கைவிட்டுப் போகலாம்.

எந்த எஞ்சின் நின்றது என்பதை அவசரத்தில் தவறாக முடிவு செய்பவர்களும் உண்டு. நேராகப் பறக்கச் சுக்கானை அழுத்தாமல் ஓய்ந்திருக்கும் கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது. அதன் த்ராட்டிலை (விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை)க் குறைத்துப் பார்த்து, மாற்றம் ஏதுமில்லை என்று உறுதி செய்த பிறகே அதன் ப்ரொப்பெல்லரை இயக்கும் நெம்புகோலில் கை வைக்க வேண்டும்.

கட்டுப்பாடு இழக்கும் வேகத்தைச் செய்து காட்டும் பயிற்சிக்கு உயரம் அவசியம்தான் என்றாலும், அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின்களின் சக்தி உயரம் கூடக் கூடக் குறைவதால் கட்டுப்பாடு இழக்கும் வேகமும் இறங்கும். இறக்கைகள் தூக்குவிசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகும் வேகமோ வேகமானியில் மாறாது. இரண்டும் நெருங்கும் உயரத்தில் விமானம் ஸ்டாலாகி, சுழன்று விழக்கூடும்; இவ்வகை விமானங்கள் அத்தகைய சுழற்சியிலிருந்து மீளும் என்று நிரூபிக்கப்பட்டவை அல்ல. ஆகவே ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தாலோ மூக்கு விலகத் தொடங்கினாலோ, மூக்கைத் தாழ்த்தி, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் விசையையும் குறைத்தே ஆக வேண்டும். உயரம் இழக்கும் வேளையில் நல்ல எஞ்சினைக் குறைக்கக் கை தயங்கும். கையிருப்பில் உயரம் இருந்தால்தான் அந்தத் தயக்கத்தை மீற முடியும்.