நாளுக்கு ஒரு விளக்கு

தீபாவளிக்கு அரிசிக் கோலம் போட முதியவர்களைக் கூப்பிட்டால், ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில், எங்கள் தோட்டத்து மண்டபத்தில் முதல் ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு மணி நேரத்தில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டார்கள். மீதியைப் பிள்ளைகள் போட்டு முடித்தார்கள். பிறகு அது யாருடைய கோலம்?

யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் முதல் இரவு ஒரு விளக்கு, மறு இரவு இரண்டு என்று கூடிக்கொண்டே போய், எட்டாம் இரவில் எட்டும் எரியும். அவற்றை ஏற்றுவதற்கென்று ஒன்பதாவதாக ஒன்று தனியே உண்டு. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. இப்போது நாங்களும் நாளுக்கு ஓர் அகல்விளக்காக 8 நாள் போடுகிறோம்.

4 அடிக்கு 4 அடி பலகையில் கருநீலச் சாயம் அடித்து மேசைமேல் வையுங்கள். தரை வேண்டாம், முழங்கால் ஒரு பக்கம், சிந்திய அரிசியில் வழுக்கும் ஆபத்து ஒரு பக்கம். எட்டு விளக்குகளையும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் தடிமனாக வரையுங்கள்.

ஒரு கிலோ நொய்யரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயம், ஒரு மேசைக்கரண்டி வினிகர். பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, நாளிதழில் பரப்பி, நிழலில் உலர்த்துங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் சாயம் ஒட்டக்கூடாது. நீலத்தையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்; புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பசை தடவிய இடத்தில் அரிசியைத் தூவ வேண்டும். மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள் (இதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது). கை நடுங்குபவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தலின் மேல்பாதியை வெட்டிப் புனலாகக் கொடுக்கலாம்.

எங்கள் பெரியம்மா ஒருவர் புனலைத் தொடவே மாட்டார். 30 ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுத்தவர். இரு விரலால் அரிசியை அள்ளி, இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிவாக இழுப்பார். மரப்பட்டையில் கத்தி போன அதே சரிவு. அதனால் அவருடைய சுடர் மட்டும் சாய்ந்தே நிற்கும். போன ஆண்டு ஒரு பள்ளிப் பையன் அதை நிமிர்த்தப் போனான்.

"காற்றடிக்கிறது என்று நினைத்துக்கொள், தம்பி" என்றார்.

எட்டாம் நாள் பலகையை வாசலுக்குத் தூக்க மட்டும் இளைஞர்களைக் கூப்பிடுங்கள். நான்கு பேராவது வேண்டும்.