ஜாக்கெட் துணி மேட்சிங்குக்கு ஒரு வெள்ளைத்தாள்

சேலைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போகும்போது, ஒரு ரூபாய் நாணய அளவில் இரண்டு ஓட்டை போட்ட வெள்ளைத்தாள் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டைக்குள் சேலையின் உடல், அடுத்ததில் ஜாக்கெட் துணி தெரியும்படி வைத்து, கடை வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தருமபுரிக்கு வந்து துணி எடுப்பவர்களுக்கு, மாற்றுவதற்காக இன்னொருமுறை பஸ் ஏறும் செலவு மிச்சம்.

எந்த நிறத்தையும் கண் தனியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது. சிவப்புக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் சாம்பல் நிறம் லேசாகப் பச்சை தட்டும். தாளால் கரையை மறைத்தால் அந்தப் பச்சை போய்விடும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சாயப்பட்டறையில் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் காரணம் என்று கண்டவர் அவர்.

பொடிக்கட்டம் போட்ட சேலைக்கு இந்தத் தாள் உதவாது. மெல்லிய இழைகளின் நிறங்கள் தூரத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதுதான் சரி. மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும் இரட்டை நிறப் பட்டுக்கும் தாள் வேண்டாம்.